வானொலிக்குத் தெரியாதது

1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பில் இறங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924இல் பிறந்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் மூன்றே ஆண்டுகளில் பணமில்லாமல் மூடப்பட்டு, தன் ஒலிபரப்புக் கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்திருந்தது. சொந்தமாக ரேடியோ வைத்திருந்த வீடுகள் அப்போது மிகக் குறைவு. அதனால் மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாலையில் காற்று வாங்க வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். எத்தனை பேர் கேட்டார்கள், யார் பாதியில் எழுந்து போனார்கள் என்பது மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. ஆன்டெனாவை விட்டுக் கிளம்பிய அலை எதையும் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. 1954இல் மயிலாப்பூரை ஒட்டிய கடற்கரைச் சாலைக் கட்டடத்துக்குக் குடிபோன பிறகும் நேயர்களைப் பற்றி அது அறிந்தது பெரும்பாலும் தபால் கார்டு வழியாகத்தான். ரேடியோவுக்கு ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்ததால் எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும். முள் எந்த நிலையத்தில் நிற்கிறது என்பது தெரியாது. ஒலிபரப்பாளர்களுக்கு இது பெரிய குறையாகப் பட்டிருக்கும். கேட்பவர்களுக்கோ இதுவே பாதுகாப்பு. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசியது. பின்னாளில் இலங்கையில் விடுதலைப் புலிகளின் ‘புலிகளின் குரல்’ வானொலியை ஒலி குறைத்து வைத்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்திருக்கலாம். ரேடியோப் பெட்டியால் முடியாது.

பாட்காஸ்ட்டும் ரேடியோ போலத்தான் காதில் விழுகிறது. வந்து சேரும் பாதை மட்டும் வேறு.

திருவான்மியூரில் ஒருவர் காலையில் பறக்கும் ரயில் ஏறுகிறார். இயர்போனை மாட்டிக்கொண்டு, குற்றக் கதைகள் சொல்லும் தமிழ் பாட்காஸ்ட் ஒன்றைத் தட்டுகிறார். இன்றைய பகுதி தொடர் கொலைகாரன் ஆட்டோ சங்கரைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் குடியிருக்கும் வட்டாரத்தின் கதைதான். தட்டியதற்கும் முதல் சொல் கேட்பதற்கும் நடுவே ஓரிரு நொடி. இந்த அத்தியாயம் முழுக்க அந்த நொடிகளுக்குள் நடப்பதைப் பற்றியதுதான்.

பாட்காஸ்ட் என்பதன் எலும்புக்கூடு எளிமையானது. ஆர்எஸ்எஸ் என்ற பட்டியல் கோப்பு ஒன்று: நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு கிடைக்கும் இணைய முகவரி. ஒலிக்கோப்பின் முகவரியை இந்தப் பட்டியலில் செருகும் வசதியை அமெரிக்க நிரலாளர் டேவ் வைனர் 2000ஆம் ஆண்டின் முடிவில் சேர்த்தார். பட்டியலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெயர் கேட்காது, கடவுச்சொல் கேட்காது. இணையம் கண்ட ஊடகங்களில் மெரினா ஒலிபெருக்கிக்கு மிக நெருங்கி வந்தது இதுதான் என்பேன்.

ஆனால் ஒலிபெருக்கி தானாகப் பேசியது. இங்கே போன் கேட்டால்தான் சர்வர் கொடுக்கும். கேட்பதற்கு ஐபி முகவரி தேவை; முகவரி இல்லாமல் கோப்பை எங்கே அனுப்புவது? ஆக, ரயில் இந்திரா நகரைத் தாண்டுவதற்குள் எங்கோ ஒரு சர்வரின் பதிவேட்டில் ஒரு வரி விழுந்துவிட்டது: இந்த ஐபி முகவரி, இந்த நேரம், இந்தக் கோப்பு, கேட்டது இந்தச் செயலியின் இந்தப் பதிப்பு, போன் ஆண்ட்ராய்டா ஐபோனா. கேட்பவரின் பெயரோ தொலைபேசி எண்ணோ அதில் கிடையாது. தொழில்நுட்பம் தன் வேலையை முடிக்க இவ்வளவு போதும். இதற்கு மேல் சேகரிக்கப்படும் ஒவ்வொன்றும் யாரோ வேண்டும் என்று சேர்த்தது. தனியுரிமை பற்றிய பேச்சில் இந்த எல்லைக்கோட்டை மனதில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால் ‘சேவை வழங்க இது தேவை’ என்ற சொற்றொடர் கோட்டுக்கு இருபுறமும் தாராளமாகப் பயன்படுகிறது.

இந்த ஒற்றை வரியிலிருந்து எவ்வளவு கறக்க முடியும்? அரைமணி நேர நிகழ்ச்சி, நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பதிவானால் சுமார் 29 எம்பி வரும். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. செயலி இதைத் துண்டு துண்டாகவும் கேட்கலாம், ஒரே மூச்சில் இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். எத்தனை பைட் அனுப்பினோம் என்பதுதான் சர்வருக்குத் தெரியும். காதில் விழுந்ததா என்பது தெரியாது. ராத்திரி வைஃபையில் தானாக இறங்கி, கேட்கப்படாமலே அழிக்கப்பட்ட பகுதியும், மூன்று முறை ரசித்துக் கேட்ட பகுதியும் பதிவேட்டில் ஒரே மாதிரி இருக்கும்.

விளம்பரம் கொடுப்பவருக்கு இது போதாது. அவருக்குத் தலை எண்ண வேண்டும். அமெரிக்காவின் இணைய விளம்பர அமைப்பான ஐஏபி ஒரு கணக்கு முறை வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் ஒரே ஐபி முகவரி, ஒரே செயலி அடையாளத்தோடு ஒரே பகுதியை எத்தனை முறை கேட்டாலும் அது ஒரு பதிவிறக்கம். குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது போயிருக்க வேண்டும். இந்த முறையைச் சென்னையில் ஓட விட்டால் வேடிக்கையாக இருக்கும். அடையாற்றில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே வைஃபையில், ஒரே மாதிரி போனில், ஒரே செயலியில் ஐந்து பேர் கேட்டால் ஒரு ஆள். அவர்களில் ஒருத்தி பாதி கேட்டுவிட்டு வெளியே வந்து மொபைல் டேட்டாவில் மீதியைத் தொடர்ந்தால் இரண்டு ஆள்.

இந்தக் குழப்பம் கேட்பவருக்கு ஓரளவு மறைவிடமாக இருந்தது. பழைய ஐபி முகவரிகள் பற்றாக்குறையானவை என்பதால் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே முகவரியின் பின்னால் நிறுத்தின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இந்தியா வெகு வேகமாக ஐபிவி6 என்ற புதிய முறைக்குத் தாவியது. அதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு போனுக்கும் தனி முகவரித் தொகுதி கிடைக்கிறது. பொறியியல் நோக்கில் அருமையான முன்னேற்றம். கூட்டத்தில் மறைந்து நின்றவரைத் தனியே நிற்க வைத்தது அதன் பக்கவிளைவு. முகவரி அவ்வப்போது மாறும் என்பது மட்டுமே மிச்சமிருக்கும் ஆறுதல்.

ஒலிக்கோப்பு நேராகவும் வருவதில்லை. பல பாட்காஸ்ட்டுகளின் பட்டியலில் இருக்கும் இணைய முகவரியின் முன்னொட்டாக வேறு நிறுவனங்களின் பெயர்கள் ஒட்டியிருக்கும். போனின் கோரிக்கை முதலில் அந்த எண்ணிக்கை நிறுவனத்துக்குப் போய், அது குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கைகாட்ட, அங்கிருந்து இன்னொரு இடம் என்று தாவித் தாவிக் கடைசியில் கோப்பு இருக்கும் சர்வரை அடையும். ஒவ்வொரு தாவலிலும் ஐபி முகவரி பதிவாகும். பாட்ட்ராக், சார்ட்டபிள் போன்றவை இப்படி எண்ணியவை. சார்ட்டபிளை 2022இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது, 2024 முடிவில் மூடியது. நிகழ்ச்சியின் பெயரும் செயலியின் பெயரும் கேட்பவருக்குத் தெரியும். நடுவில் நிற்கும் இவர்கள் பெயர் திரையில் எங்கும் வராது. 2020இல் ஓவர்காஸ்ட் என்ற ஐபோன் செயலி, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒட்டியிருக்கும் இத்தகைய நிறுவனங்களின் பட்டியலைக் காட்டத் தொடங்கியது. செய்வதற்குக் கடினமான வேலை இல்லை. முகவரியிலேயே பெயர்கள் இருக்கின்றன, எடுத்துக் காட்டினால் போதும். பெரிய செயலிகள் ஏன் இதைச் செய்வதில்லை என்பதை ஊகிப்பதும் கடினமில்லை.

கோப்பைக் கொடுக்கும் நொடியிலேயே விளம்பரத்தைச் செருகும் உத்தியும் இருக்கிறது. ஒரே பகுதியை டொரன்டோவில் கேட்பவருக்குக் கனடிய வங்கி விளம்பரமும், சென்னையில் கேட்பவருக்குத் தீபாவளி சமயத்தில் தி. நகர் பட்டுப்புடவை விளம்பரமும் வரலாம். ஐபி முகவரியை வைத்து ஊரை ஊகிக்கும் வேலைதான் இது. மொபைல் இணைப்பில் அந்த ஊகம் தவறுவது சகஜம். திருநெல்வேலியில் இருப்பவரைச் சென்னைக்காரர் என்று எண்ணிக்கொண்டு விளம்பரம் தி. நகரின் பனகல் பார்க் பக்கம் கூப்பிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே நடப்பது. போனுக்குள்ளே உட்கார்ந்திருக்கும் செயலிதான் உண்மையில் பெரிய புள்ளி. சர்வருக்கு அனுப்பியது மட்டும் தெரியும் என்றேன். செயலிக்குக் கேட்டதே தெரியும். எங்கே நிறுத்தினார், எங்கே முப்பது நொடி தாவினார், எந்த வேகத்தில் கேட்டார், இயர்போனைக் கழற்றியது எப்போது, தூங்கும்போது தானாக நிற்க டைமர் வைத்தது எத்தனை மணிக்கு. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு இவற்றில் சில போனில் இருந்தாக வேண்டும். அவை போனிலேயே தங்குகின்றனவா, நிறுவனத்துக்குப் போகின்றனவா என்பதுதான் கேள்வி.

பட்டியலும் கோப்பும் மட்டுமே இருந்த காலத்தில் இந்த விவரம் தயாரிப்பாளர்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஆப்பிள் தன் செயலியில் எவ்வளவு நேரம் கேட்கப்பட்டது என்ற தொகுப்புக் கணக்கை 2017 டிசம்பரில்தான் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஒலிக்கோப்புக்குள்ளேயே மைல்கற்களைப் புதைத்து வைப்பது, கேட்பவர் ஒவ்வொன்றையும் கடக்கும்போது செயலி தகவல் அனுப்புவது. ஓவர்காஸ்ட்டை எழுதிய மார்கோ ஆர்மென்ட் தன் செயலியில் இதைச் சேர்க்க முடியாது என்று வெளிப்படையாக மறுத்தார். திட்டம் பரவவில்லை. வானொலி நிறுவனமே வானொலியின் அறியாமையைப் போக்க முயன்றதும், தனியொரு நிரலாளர் குறுக்கே நின்றதும் பாட்காஸ்ட் வரலாற்றில் எனக்குப் பிடித்த காட்சி.

அந்தத் திறந்த உலகத்தைச் சுற்றிக்கொண்டு போனது ஸ்பாட்டிஃபை. கணக்கு இல்லாமல் உள்ளே போக முடியாது. கோப்பு, செயலி, விளம்பரம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தால் எவ்வளவு தெரியும் என்பதை அந்த நிறுவனத்திடமே கேட்டுப் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, கணக்கு வைத்திருப்பவர் கேட்டால் அவருடைய முழுக் கேட்பு வரலாற்றையும் அனுப்புகிறது. கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் அதற்கான வசதி உண்டு. வந்து சேரச் சில வாரங்கள் பிடிக்கும். திறந்தால் கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு: நேரம், எத்தனை மில்லிநொடி ஓடியது, எந்தக் கருவி, எந்த நாடு, ஐபி முகவரி, ஏன் தொடங்கியது, ஏன் நின்றது – தானாக முடிந்ததா, தாவினாரா. கடைசிப் பக்கமாக ஒரு கட்டம் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் கேட்க ஸ்பாட்டிஃபை தனி அமர்வு என்று ஒன்று தருகிறதல்லவா? கேட்டது தனி அமர்விலா இல்லையா என்பதற்கான கட்டம் அது. மறைந்து கேட்டார் என்பதும் ஒரு குறிப்பாகிவிடுகிறது. தனி அமர்வு நண்பர்களிடமிருந்துதான் மறைக்கிறது, நிறுவனத்திடமிருந்து இல்லை. விவரம் புரியும்படி கொடுக்கவில்லை என்பதற்காக ஸ்வீடனின் தனியுரிமை ஆணையம் 2023 ஜூனில் இந்த நிறுவனத்துக்கு 5.8 கோடி குரோனர் அபராதம் போட்டது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு ஆன்டெனாபாட் சாட்சி. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த மூலச் செயலி இது. ஆண்ட்ராய்டில் இலவசம், கணக்கே கிடையாது. பட்டியலைப் போனே நேராகப் போய் எடுக்கிறது. எங்கே நிறுத்தினோம் என்பது போனிலேயே இருக்கிறது. விட்ட இடத்தில் தொடர்வது, டைமர், வேகம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. அந்த வசதிகளுக்காகத்தான் விவரம் எடுக்கிறோம் என்ற வாதம் இங்கே உடைந்துபோகிறது. செயலிக் கடைகளில் ‘தரவுப் பாதுகாப்பு’ என்று காட்டும் அட்டவணையை நான் பெரிதாக நம்புவதில்லை. அதை நிரப்புவது செயலியை உருவாக்கியவர்களே. கணக்குத் திறக்காமல் கேட்க விடுகிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமான சோதனை.

யார் என்ன கேட்டால் என்ன, குற்றக் கதைதானே என்று தோன்றலாம். ரயிலில் கேட்டது குற்றக் கதை. போன வாரம் குழந்தைப்பேறு சிகிச்சை பற்றிய பேட்டியையும், அதற்கு முன் குடியை நிறுத்துவது பற்றிய தொடரையும், ஒரு கட்சித் தலைவரின் எல்லா உரைகளையும் அவர் கேட்டிருக்கலாம். தேடுபொறியில் தட்டச்சு செய்தவை நிமிடக் கணக்கு. பாட்காஸ்ட்டில் கிடைப்பது மணிக்கணக்கான கவனம். இந்த வரிசையைப் பார்ப்பவருக்கு மருத்துவக் கோப்பு தேவையில்லை.

இதைத் தடுக்க நம் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால் பாதை மறுபடி திருவான்மியூருக்கே வருகிறது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கையை எழுதினார். தன்னோடு பழகிய அதிகாரிகளைப் பற்றியும் எழுதியிருந்தார். நக்கீரன் பத்திரிகை அதை வெளியிடத் தயாரானபோது, 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபர் 7இல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு பத்திரிகைக்குச் சாதகமாக வந்தது: பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம், அவதூறு வரும் என்று சொல்லி அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது. அதே தீர்ப்புதான், தனியாக விடப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கியிருக்கிறது என்றும் தெளிவாகச் சொன்னது. ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு நிலைத்தது. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி வழக்கில், அதுவரை வந்த பாதையை விவரிக்கும்போது ராஜகோபால் வழக்கும் இடம்பெற்றது. ரயிலில் குற்றக் கதை கேட்பவரின் உரிமைக்கு அந்தக் கதையின் நாயகனும் ஒரு காரணம்.

ராஜகோபால் வழக்கில் பேசப்பட்டது வெளியிடுவதைப் பற்றி. செயலிகள் எதையும் வெளியிடுவதில்லை, சேர்த்து வைக்கின்றன. அதற்கென வந்ததுதான் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகள் அதற்கு 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். என்ன விவரம், எதற்காக எடுக்கிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் நிகழ்ச்சிகளை மட்டுமே விற்கும் செயலிகூட தனியுரிமைக் கொள்கையை ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைப்பது அதன் பிறகு செல்லாது. என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கவும் அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. ஐரோப்பியச் சட்டம் போல உடல்நலம், அரசியல் கருத்து போன்றவற்றை உணர்திறன் மிக்க தகவல் என்று இது தனியே பிரிக்கவில்லை. குழந்தைப்பேறு பேட்டியும் கிரிக்கெட் அரட்டையும் இதன் கண்ணுக்கு ஒன்றுதான். எனக்கு இது பெரிய ஓட்டையாகப் படுகிறது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் மிகக் கண்டிப்பானது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பின்தொடரக் கூடாது, நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதை மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பாட்டியின் போனில் விடிகாலை உபன்யாசம், மத்தியானம் சமையல், ராத்திரி ஒன்பது மணிக்குப் பேத்திக்காகத் தெனாலிராமன் கதை. செயலியைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே ஆள். கொஞ்சம் வினோதமான ரசனை உள்ள ஆள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்பது குழந்தை என்று கண்டுபிடித்தால்தான் கண்காணிப்பை நிறுத்த முடியும். கண்காணிக்காமல் கண்டுபிடிக்க முடியாது. அடையாள ஆவணம் கேட்கலாம். அரசின் டிஜிலாக்கர் வழியாகச் சரிபார்க்க விதிகள் இடம் தருகின்றன. அப்படிக் கேட்டால், இதுவரை பாட்டியின் பெயர்கூடத் தெரியாமல் இருந்த செயலிக்குக் குடும்பமே தெரிந்துவிடும். எதையுமே சேகரிக்காத செயலிக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவை ‘எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது’ என்று ஒரு கட்டம் வைத்துப் பொறுப்பைக் கழித்துக்கொள்ளப் பார்க்கும். பாட்டிக்கு அவ்வளவு சின்ன எழுத்து தெரியாது. டிக் அடித்துக் கொடுப்பது பேத்திதான்.